வாக்கெடுப்பு உறைக்குள் வரும் சிறு புத்தகம்: சுவிற்சர்லாந்து அரசின் விளக்கக் கையேடு

சுவிற்சர்லாந்தில் ஆண்டுக்கு நான்கு தடவை வரை சமஷ்டி வாக்கெடுப்பு நடைபெறும். அதற்கு மூன்று அல்லது நான்கு வாரங்கள் முன்னர் வாக்குச்சீட்டோடும் வாக்காளர் அட்டையோடும் அரசின் விளக்கக் கையேடும் ஒரே உறையில் அஞ்சலில் வந்து சேர்கிறது. எதற்கு வாக்களிக்கப் போகிறோம் என்பதை வாக்காளர் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே இச்சேவையின் முதற் சிறப்பு.

ஒவ்வொரு விடயத்துக்கும் சுருக்கம், விரிவான விளக்கம், இரு தரப்பு வாதங்கள், நாடாளுமன்றத்தில் கிடைத்த வாக்குகளின் எண்ணிக்கை, வாக்கெடுப்புக்கு விடப்படும் சட்டவாசகம் ஆகிய யாவும் அச்சிடப்பட்டுள்ளன. நான் மிகவும் மதிப்பது, 18 மாதங்களில் 100,000 கையொப்பங்களைத் திரட்டித் தமது முன்மொழிவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த குழுவினர் தமது நியாயத்தைத் தாமே எழுதுகின்ற பக்கங்களை. அவதூறான, வெளிப்படையாகவே பொய்யான, அல்லது அளவுக்கு மீறி நீண்ட பகுதிகளில் மட்டுமே அரசு கைவைக்க முடியும். தன்னை எதிர்ப்பவரின் சொற்களைத் தன் செலவிலேயே அச்சிட்டு வீடு வீடாக அனுப்புகின்ற அரசை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆயினும் இக்கையேட்டின் எண்களை நிதானமாகவே படிக்க வேண்டும். திருமணமானோர் மீதான கூடுதல் வரிச்சுமையை நீக்கக் கோரிய முன்மொழிவு 2016 பெப்ரவரி 28 அன்று வாக்கெடுப்புக்கு வந்தபோது, இருவரும் உழைக்கும் ஏறத்தாழ 80,000 தம்பதியருக்கே பாதிப்பு என்று கையேடு கூறியது. 50.8 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களித்ததால், பெரும்பாலான கன்ரோன்கள் (மாநிலங்கள்) ஆதரித்திருந்தும் அது தோற்றது. பிள்ளைகள் உள்ள தம்பதியரைச் சேர்க்காமல் கணக்கிட்டதையும், உண்மைத் தொகை 454,000 தம்பதியர் என்பதையும் அரசு 2018 இல்தான் ஒப்புக்கொண்டது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாக்கெடுப்பைச் செல்லாது என அறிவித்தது. சமஷ்டி வாக்கெடுப்பொன்று இவ்வாறு இரத்தானது அதுவே முதல் தடவை. முன்மொழிந்தவர்கள் 2020 இல் அதனை மீளப்பெற்றமையால், திருத்தப்பட்ட எண்ணோடு மக்கள் வாக்களிக்கும் வாய்ப்பு கிட்டவேயில்லை.

மொழி குறித்தும் எனக்கு ஆதங்கம் உண்டு. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரொமான்ஷ் ஆகிய நான்கு மொழிகளிலும் கையேடு வெளிவருகிறது. எனினும் கடையிலும் வேலைத்தலத்திலும் தடையின்றி ஜெர்மன் பேசும் என் தாயார், வரிச்சட்டம் பற்றிய பக்கத்தில் இரண்டாவது பந்தியைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு தடவையும் சமையலறை மேசையில் அமர்ந்து அவருக்குத் தமிழில் விளக்குகிறேன். 2019 முதல் பயன்பாட்டிலுள்ள வோட்இன்ஃபோ கைப்பேசிச் செயலியின் குறுங்காணொளிகளை அவர் எளிதாக விளங்கிக்கொள்கிறார் என்பதால், அவற்றை முதியோருக்கு உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

ஐந்துக்கு நான்கு புள்ளிகள் வழங்குகிறேன். ஒவ்வொரு எண்ணின் கீழும் அது எந்த ஆண்டின் தரவு, எவரை உள்ளடக்கியது, எவரை விலக்கியது என்று ஒரு வரி அச்சிடப்படுமாயின் ஐந்தாவதையும் தயங்காமல் வழங்குவேன்.