நெதர்லாந்தில் பதிவுத் துணையுறவும் திருமணமும்

சகிப்புத்தன்மைக்குப் பேர்போன நெதர்லாந்தில் தன்பாலின உறவு 1811-லேயே குற்றமற்றதாகிவிட்டது. ஆனாலும் சமத்துவம் உடனே வந்துவிடவில்லை. பாலுறவுக்குச் சம்மதம் தரும் பொது வயது 16 ஆக இருக்க, தன்பாலின உறவுக்கு மட்டும் அதை 21 ஆக்கிய சட்டப்பிரிவு, 1911 முதல் 1971 வரை அறுபது ஆண்டுகள் நீடித்தது.

1998-இல் அறிமுகமான பதிவுத் துணையுறவு, அதாவது மணம் முடிக்காமலே இணையர் தம் உறவைச் சட்டப்படி பதிவுசெய்துகொள்ளும் முறை, ஆண்-பெண் இணையருக்கும் தன்பாலின இணையருக்கும் ஒருசேரத் திறந்திருந்தது. வாரிசுரிமை, வரி ஆகியவற்றில் அதற்கும் திருமணத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிரிவதில்தான் வேறுபாடு தெரியும்: வயதுவராத பிள்ளைகள் இல்லாத துணைவர்கள் மனமொத்துப் பிரிய விரும்பினால், வழக்கறிஞரோ நோட்டரியோ கையொப்பமிடும் ஒப்பந்தமே போதும், திருமணத்தை முறிக்கவோ நீதிமன்றப் படியேறியாக வேண்டும்.

இந்த வசதி மெய்யானதே. ஆயினும் தன்பாலினத்தாருக்கு 2001 வரை துணையுறவு மட்டுமே கிடைத்தது என்பதால், அதை அவர்களுடைய தெரிவு என்று சொல்வது பொருந்தாது; அது முழு உரிமைக்குப் பதிலாகக் கிடைத்த ஒருவகைச் சலுகைதான் என்பது என் கருத்து. அவ்வாண்டு ஏப்ரல் 1 பிறந்த நள்ளிரவில், ஆம்ஸ்டர்டாம் மேயர் யோப் கோஹென் நான்கு தன்பாலின இணையருக்குத் திருமணம் செய்துவைத்தார். உலகில் வேறெந்த நாடும் அதுவரை அந்த உரிமையை வழங்கியிருக்கவில்லை. வெளிநாட்டில் குடியேற எண்ணுவோருக்குத் திருமணமே மேல். துணையுறவு என்ற அமைப்பே இல்லாத நாடுகளில் அந்தப் பதிவுச் சான்று செல்லாமல் போகக்கூடும்.