பழைய பாலத்துக்கு ஊசி, புதிய பாலத்துக்குத் தறி: பாசிமணி வரைபடத்தை எதில் போடுவது, எப்படிக் கைமாற்றுவது?

போன மார்கழியில், பாசிமணி கோர்க்கும் எங்கள் குழுவில் ஒரு சின்னச் சண்டை. பாம்பன் பாலத்தை பிரேஸ்லெட்டில் கொண்டுவரலாம் என்று பேச்சு வந்தது. நான் பாம்பன்காரி. எனக்குப் பாலம் என்றால், கப்பல் வரும்போது நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்த 1914-ஆம் வருஷத்துப் பழைய பாலம்தான். தங்கச்சிமடத்துப் பிள்ளை ஒருத்தி விடவில்லை. "அக்கா, அதுல ரயிலே போறதில்ல. இப்ப உள்ளதைப் போடுங்க." இப்போது உள்ளது 2025 ஏப்ரலில் திறந்தது. 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும்.

சரி, இரண்டையும் போடுவோம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பாலத்துக்கும் ஒரே தையல் ஒத்துவராது என்பது அப்போதுதான் உறைத்தது.

கோலம் போடுகிறவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தறியில் நெய்யும் பாசி நேர்ப்புள்ளி. ஊசியில் கோர்க்கும் பெயோட்டி தையல் இடுக்குப் புள்ளி. தறியில் ஒரு பாசிக்கு நேர் கீழே, நேர் பக்கத்தில் அடுத்த பாசி உட்காரும். பெயோட்டியில் பக்கத்து நெடுக்கு வரிசை அரைப் பாசி இறங்கி உட்காரும். அந்த அரைப் பாசிதான் எல்லா வித்தியாசத்துக்கும் காரணம்.

புதிய பாலத்தில் எல்லாமே நேர்க்கோடு. குத்தாக இரண்டு கோபுரம், நடுவே கிடையாக ஒரு துண்டு. தறியில் அது அச்சடித்த மாதிரி வந்தது. அதையே பெயோட்டியில் போட்டால் ரயில் போகும் கோடு நேராக வருகிறது, கோபுரமும் தூணும் மட்டும் ரம்பப் பல்லாக வளைந்து வளைந்து ஏறுகின்றன. பழைய பாலத்துக்கு இதுவே தலைகீழ். தூக்கிய இரண்டு இறக்கையும் சாய்கோடு. தறியில் அவை மாடிப்படி ஆகிவிட்டன. பெயோட்டியில் வழுக்கிக்கொண்டு ஏறின. நிஜப் பாலம் இன்னும் செங்குத்தாகத் தூக்கும், ஒத்துக்கொள்கிறேன். பாசி தனக்குப் பிடித்த சாய்வில்தான் நிற்கும். அதோடு மல்லுக்கட்ட முடியாது.

ஆகவே வரைபடம் போடுவதற்கு முன்னால் படத்தைப் பாருங்கள். கோயில் கோபுரம், கட்டம், எழுத்து என்றால் தறி. அலை, மீன், இறக்கை, வைர வடிவம் என்றால் ஊசி. குழுவில் பாதிப் பேர் தனக்குத் தெரிந்த தையலை முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் படத்தைத் தேடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன்.

வேலைச் சுகம் என்று பார்த்தால் இரண்டும் இரண்டு விதம். தறியில் ஒரு ஓட்டத்துக்கு ஒரு வரிசை முழுதும் ஏறிவிடும், வேகம். ஆனால் 16 பாசி அகலத்துக்கு நீளவாக்கில் 17 பாவு நூல். முடித்துத் தறியிலிருந்து எடுத்தால் இரண்டு முனையிலுமாக 34 நூல் வால் தொங்கும். ஒவ்வொன்றையும் ஊசியில் கோர்த்து உள்ளே ஒளிக்க வேண்டும். நெய்வதில் மிச்சம் பிடித்த நேரத்தை அங்கே கொட்டிவிடுகிறோம். பெயோட்டி ஒவ்வொரு பாசியாகப் போகும் ஆமை வேலை. ஆனால் மடியில் ஒரு டப்பா மூடி இருந்தால் போதும், ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலை மூடிக்கொண்டு செய்யலாம். (மூடாமல் செய்து மண்டபம் தாண்டுவதற்குள் அரை டப்பாவைக் காற்றுக்குக் கொடுத்தவள் சொல்கிறேன்.)

இனி வரைபடம். எங்களிடம் மூன்று கட்சி: கணக்கு நோட்டு, எக்செல், செயலி.

கணக்கு நோட்டில் கலர் பென்சிலால் கட்டம் நிரப்புவது தறிக்குச் சரி, பெயோட்டிக்கு உதவாது. கட்டம் நேர்ப்புள்ளியாக இருக்கிறது, தையல் இடுக்குப் புள்ளியாக இருக்கிறது. தறியிலும் அது ஒரு பொய் சொல்லும். நாங்கள் வாங்கும் ஜப்பான் மியுகி டெலிகா 11-ஆம் நம்பர் பாசி சதுரமல்ல: குறுக்களவு 1.6 மி.மீ, நீளம் 1.3 மி.மீ. நோட்டில் 10-க்கு 10 கட்டத்தில் ஒரு நிலா வரைந்தால் கையில் அது 13-க்கு 16 மி.மீட்டராக வரும். பாலத்துக்கு மேலே நான் போட்ட பௌர்ணமி நிலாவைப் பார்த்து, "யாரு முட்டையை மேல வச்சது?" என்று வீட்டில் கேட்டார்கள்.

அந்த முட்டையை உடைத்தது எக்செல். கட்டத்தின் அகலத்தை 26 பிக்சல், உயரத்தை 32 பிக்சல் என்று வைத்துவிட்டால் பாசியின் அளவு விகிதம் அப்படியே வந்துவிடும். பெயோட்டிக்கு உயரத்தை 16 ஆக்கி, மேலும் கீழுமாக இரண்டு கட்டத்தை ஒன்றாகச் சேர்த்து ஒரு பாசியாக்க வேண்டும். அடுத்த நெடுக்கில் ஒரு கட்டம் தள்ளிச் சேர்க்க வேண்டும். ஒரு தடவை செய்து காலித் தாளாக வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் ஆகும். கலருக்குப் பதில் எழுத்தைப் போட்டு, எழுத்தைப் பார்த்துக் கலர் தானே ஏறும்படி செய்துவிட்டால் இன்னொரு லாபம்: எந்த எழுத்து எத்தனை என்று எண்ணும் சூத்திரம் ஒன்று போதும், பாசிக் கணக்கு நொடியில் கிடைக்கும். மகன் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தது அவன் படிப்புக்கு. இப்போது அதில் பாதி நாள் பாசிதான்.

செயலி கட்சிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பீடோகிராஃபர் மாதிரியானவற்றில் தையலைத் தேர்ந்தெடுத்தால் பெயோட்டிக் கட்டம் தானாகவே வந்துவிடும், உண்மைதான். ஆனால் போட்டோவைப் போட்டால் வரைபடமாக்கித் தருகிறது என்கிற ஒரு வசதி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கெடுக்கிறது. தங்கச்சிமடத்துப் பிள்ளை தனுஷ்கோடி சூரிய அஸ்தமனத்தை அப்படிக் கொடுத்தாள். நாற்பதுக்கு மேல் கலர் வந்தது. அதில் பல கலருக்கு ஏழெட்டுப் பாசிதான் தேவை. கடையிலோ பாக்கெட்டாகத்தான் தருவார்கள். செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு கலருக்கு மேல் போகாதே என்று அதன் கையைக் கட்டிவிட்டு வேலை வாங்குங்கள்.

என் ஓட்டு எக்செலுக்கு. போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் செயலி. நோட்டு, யோசனையைக் கிறுக்கிப் பார்க்க.

இதுவரை சொன்னது தனியாளுக்கு. போட்ட வரைபடத்தை இன்னொருத்தர் கையில் கொடுக்கும்போதுதான் எங்கள் குழுவில் பாதி பிரேஸ்லெட் பாழானது.

படத்தை அப்படியே அனுப்புவது எல்லோரும் செய்வது. பார்க்க அழகு; ஆனால் போனுக்குப் போன் தாவும்போது படம் சுருங்கிக் கட்டக்கோடு மங்கிவிடும், நீலமும் கருநீலமும் ஒன்றாகிவிடும். இன்னொரு ஆபத்து பெயோட்டிக்கு மட்டும் உண்டு. ஊசி ஒரு வரிசை இடமிருந்து வலம் போனால் அடுத்தது வலமிருந்து இடம் வரும். படத்தைப் பார்த்துச் செய்கிறவர் ஒன்று விட்டு ஒன்று திருப்பிப் படிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்த டிசைனில் தப்பு தெரியாது. பெயர் எழுதிய பிரேஸ்லெட்டில் தெரிந்துவிடும்.

வீடியோ? ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஓரம் திரும்பும் முடிச்சு, நூல் தீர்ந்தால் புது நூல் சேர்ப்பது, இதற்கெல்லாம் வீடியோவை அடிக்க ஆளில்லை. டிசைனைச் சொல்ல அது உதவாது. 1,504 பாசியை யார் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது?

நான் கட்சி கட்டுவது மூன்றாவது வழிக்கு: வரிசையை எழுத்தில் எழுதிக் கொடுப்பது. நமக்கு இது புதிதில்லை. வார இதழில் கோலத்துக்குக் கீழே "இடுக்குப் புள்ளி 15-8" என்று போட்டிருப்பார்களே, படம் மங்கலாக அச்சாகியிருந்தாலும் அந்த ஒரு வரியை வைத்து வாசலில் புள்ளி வைத்துவிடுவோம். அதே சங்கதிதான். 16 பாசி அகலப் பெயோட்டிக்கு இப்படித் தொடங்கும் (வெ என்றால் வெள்ளை, நீ என்றால் நீலம்):

வரிசை 1, 2: 6 வெ, 4 நீ, 6 வெ
வரிசை 3: 3 வெ, 2 நீ, 3 வெ

முதல் இரண்டு வரிசையும் சேர்ந்தே கோர்க்கப்படும், அதனால் 16. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் 8. ஊசி போகும் திசையிலேயே எழுதியிருப்பதால் திருப்பிப் படிக்கும் வேலை இல்லை. கூட்டிப் பார்த்து 8 வரவில்லை என்றால் ஊசி எடுக்கும் முன்பே தப்பு பிடிபடும். படத்தில் இந்த வசதி கிடையாது.

கீழக்கரை ராத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். படத்தில் கட்டம் எண்ண முடியாது. பேத்தி ஸ்கூல் விட்டு வந்து "மூணு வெள்ளை, ரெண்டு நீலம், மூணு வெள்ளை" என்று வாசிக்க, ராத்தா கோர்க்கிறார். பேத்தி இல்லாத நாளுக்கு நான் வாய்ஸ் அனுப்புவேன். குழுவில் இடதுகைக்காரி ஒருத்தி இருக்கிறாள். எழுத்தை வைத்து அவள் பக்கத்திலிருந்து தொடங்கியதில் பெயர் கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்துவிட்டது என்று அழாத குறை. திருப்பிப் போடு என்றேன். பெயோட்டிக்கு முன்பக்கம் பின்பக்கம் ஒன்றுதான்; மறுபக்கத்தில் பெயர் சரியாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. கறுப்புக்கும் கடல்நீலத்துக்கும் ஒரே "க" போட்டு அனுப்பியது நான்தான். தேவிபட்டினத்து மதினி கடல் முழுவதையும் கறுப்பில் கோர்த்து முடித்துவிட்டு, "எண்ணெய் கொட்டின கடலா இது?" என்று கேட்டார். அதிலிருந்து எழுத்தோடு பாசி நம்பரையும் மேலே எழுதிவிடுகிறேன்: க என்றால் டிபி 10, வெ என்றால் டிபி 200. எழுத்து மட்டும் போனால் முடிந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரியாது, ஆகவே கூடவே ஒரு சின்னப் படமும் வேண்டும். கணக்கும் கொடுங்கள். 15 செ.மீ நீளத்துக்கு நெடுக்கில் 94 பாசி, 16 நெடுக்கு, மொத்தம் 1,504. இந்தப் பாசி கிராமுக்குச் சுமார் 200 என்பதால் ஏழரை கிராம். பத்து வாங்கினால் கவலையில்லை.

நூலையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் பெட்டியிலிருந்த தங்கூசி என்கிற மீன்பிடி நைலான் நரம்பில் கோர்த்துப் பார்த்தேன். விறைப்பாக நின்று பாசிக்கு நடுவே இடைவெளி காட்டியது. வெளிநாட்டில் பாசிக்காரர்கள் கொண்டாடும் ஃபயர்லைனும் மீன்பிடி நூல்தான் என்பது வேடிக்கை, ஆனால் அது பல இழை சேர்ந்த மெல்லிய நூல், வளையும். அதில் புகை நிறத்தை வெள்ளைப் பாசிக்கு எடுக்காதீர்கள், கறை ஒட்டும். ஊசியை எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது.

நான்காவதாக ஒரு வழி உண்டு. நாலு விரல்கடை செய்து, ஊசியோடு அப்படியே அந்த ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது. நூலை எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதை இதைப்போல எதுவும் சொல்லாது. ஆனால் ஒரு ஆளுக்குத்தான் அனுப்ப முடியும், திரும்பி வருவதும் நிச்சயமில்லை.

காசு கொடுத்து வாங்கிய வரைபடத்தைக் குழுவில் போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? தையல் யாருக்கும் சொந்தமில்லை, போட்ட டிசைன் போட்டவருக்குச் சொந்தம்.

பழைய பாலத்தின் எழுத்து வடிவத்தை 188 வரிசையும் எழுதி வைகாசியில் அனுப்பினேன். மூன்றாம் நாள் ராத்தாவிடமிருந்து வாய்ஸ்: "ஏம்மா, நூத்திப் பன்னெண்டுல ஏழுதான் வருது. பேத்தி ரெண்டு தடவை கூட்டிட்டா." பார்த்தேன். "3 வெ, 2 நீ, 2 வெ" என்று எழுதியிருக்கிறேன். கடைசியில் 3 வெ என்று இருக்க வேண்டும். திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறேன். முதலில் வந்ததை வைத்திருப்பவர்கள் 112-ஐ மட்டும் கையால் மாற்றிக்கொள்ளுங்கள்.