பழைய காருக்குப் பெரிய இன்ஜெக்டர் போடச் சொல்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என்னுடையது 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி விடெக். 106 குதிரைத் திறன் கொண்ட அந்த 1.5 லிட்டர் எஞ்சினை இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளையைப் போலப் பார்த்து வந்திருக்கிறேன். வேலூரில் ஒரு பட்டறையில், எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் தேய்ந்துவிட்டன என்றும், பெரியவற்றைப் புதிதாகப் போட்டு அதற்கேற்ப, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எஞ்சின் கணினியான இசியுவையும் ட்யூன் செய்தால் இழுவை கூடும் என்றும் சொல்லி 38,000 ரூபாய் வாங்கினார்கள். கையால் எழுதிய துண்டுச் சீட்டைத் தவிர வேறு ரசீது தரவில்லை.

இரண்டாம் நாளே கிரீன் சர்க்கிள் நெரிசலில் எஞ்சின் குலுங்கி, சைலன்சரில் கரும்புகை வந்தது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 7க்கு இறங்கியது. கேட்டதற்கு, "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றார்கள். ஒரு நாள் காலையில் எஞ்சின் ஆயிலை அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தபோது பெட்ரோல் வாடை அடித்தது. ஆயில் மட்டமும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் போயிருக்கும்.

வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜெக்டர்கள் நான்கையும் கழற்றி, ராணிப்பேட்டையில் அவை பாய்ச்சும் அளவைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒரே அழுத்தத்தில், ஒரே நேரத்தில் பாய்ச்சியபோது மூன்றாவது கண்ணாடிக் குழாய் நிரம்பிவிட்டது; முதலாவதில் முக்கால் பங்குகூட ஏறவில்லை. நல்ல செட்டில் இந்த வேறுபாடு இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டாது. மேலே பூசியிருந்த பெயிண்டை அவர் நகத்தால் சுரண்டிக் காட்டினார். அடியில் பார்ட் நம்பர் அரத்தால் ராவப்பட்டிருந்தது. புதியவை என்று விற்றவை, வெவ்வேறு வண்டிகளிலிருந்து கழற்றிய பழையவை. ஒன்றில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் இறுகி வெடித்திருந்தது. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ட்யூனிங் என்றால் இசியு பெட்டியைத் திறக்க வேண்டும், அல்லது தனிக் கருவி ஒன்றை இணைக்க வேண்டும். என் பெட்டியின் திருகுகளில் படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை.

இவ்வளவுக்கும், எதுவும் மாற்றாத எஞ்சினுக்குப் பெரிய இன்ஜெக்டரே தேவையில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ போலக் காற்றைக் கூட்ட ஏதும் செய்யாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால் புகைதான் மிஞ்சும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து இசியுவுக்குச் சொல்லும் லாம்ப்டா சென்சார் ஓரளவுக்குத்தான் சரிக்கட்டும். பழையவற்றைக் கழுவிச் சோதித்திருந்தாலே எனக்குப் போதுமாக இருந்திருக்கும். அவற்றைத் திருப்பிக் கேட்டதற்குக் குப்பையில் போட்டுவிட்டோம் என்கிறார்கள்.

உண்மையிலேயே மாற்ற வேண்டியவர்கள், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு எத்தனை சிசி பாய்ச்சுகிறது என்ற சோதனைத் தாளைப் பொருத்துவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். மல்டிமீட்டரில் மின்தடையையும் (ஓம்) பாருங்கள்: 12 முதல் 16 ஓம் வரை கேட்கும் இசியுவுக்கு, ரெசிஸ்டர் இல்லாமல் 2, 3 ஓம் இன்ஜெக்டரை மாட்டினால் இசியுவே எரிந்துபோகலாம். கழற்றிய பழையவற்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டதால், பெஞ்ச் சோதனைத் தாளையும் அந்தத் துண்டுச் சீட்டையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன். இதேபோல் ஏமாந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.