ஏசி மின்சார ரயிலும் என் சாதா டிக்கெட்டும்

ஊருக்குப் போய் வந்தால் எல்லோரும் கேட்பது வெயில் எப்படி, தங்கம் என்ன விலை என்றுதான். எனக்குச் சொல்ல இருப்பது சென்னையில் ஓடும் ஒரு மின்சார ரயிலைப் பற்றி. அதுவும் நான் ஏறாத ரயில்.

2025 ஜூலை. அம்மா வீடு கூடுவாஞ்சேரிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், ஸ்டேஷன் பேர் வேண்டாம். காலையில் எழும்பூரில் ஒரு வேலை. தங்கை வீட்டுக்காரர் கார் சாவியோடு தயாராக நிற்கிறார். "மச்சான், இந்த வெயில்ல ரயிலா?" என்றார். வண்டலூர், பெருங்களத்தூர் என்று ஜிஎஸ்டி ரோட்டில் ஊர்ந்து போவதை நினைத்தாலே எனக்குத் தலை வலிக்கும், அதனால் ரயில்தான் என்று பிடிவாதமாக நின்றேன். டொராண்டோ பக்கம் அஜாக்ஸில் இருக்கிறேன். வேலைக்குப் போக ஸ்டேஷனில் காரை இலவசமாக விட்டுவிட்டு, பிரெஸ்டோ என்கிற பயணக் கார்டைத் தட்டிவிட்டு, 'கோ' (GO) என்கிற புறநகர் ரயிலில் டொராண்டோ நடுவில் இருக்கும் யூனியன் ஸ்டேஷன் போய் இறங்கிப் பழகிவிட்டது. அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கியாகிவிட்டது. கவுன்ட்டர் ஒரு பக்கம், சென்னை பீச் ஸ்டேஷன் போகும் வண்டி நிற்கும் பிளாட்ஃபாரம் இன்னொரு பக்கம், நடுவில் படிக்கட்டு. ஏறி இறங்கி நின்றால் வண்டி வரவே இல்லை. ரெண்டு எக்ஸ்பிரஸ் எங்களைப் பார்க்காமல் பறந்தன. கூட்டம் சேர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் வந்தது பளபளவென்று ஒரு ரயில், கதவுகள் தானாகத் திறக்கின்றன, கண்ணாடி வழியே காலி சீட் தெரிகிறது. காலை எடுத்து வைக்கப் போனேன், பக்கத்தில் நின்ற பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, அது ஏசி வண்டி. இந்த டிக்கெட் செல்லாது, ஏறினா ஃபைன்." மிச்சக் காசைக் கொடுத்துவிடுகிறேனே ஐயா என்றேன். யாரிடம் கொடுப்பது? பிளாட்ஃபாரத்தில் ஆளும் இல்லை, மெஷினும் இல்லை. திரும்பப் படியேறி, கவுன்ட்டர் வரிசையில் நின்று, வேறு டிக்கெட் எடுத்து வர வேண்டும். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. இத்தனை பேர் பிளாட்ஃபாரத்தில் பிதுங்கி நிற்க, காலி சீட்டுகளைக் குளிரவைத்துக்கொண்டு ஒரு ரயில் புறப்பட்டுப் போகிறது. எனக்கு வந்த எரிச்சலை இன்றுவரை அடக்க முடியவில்லை.

அப்புறம் வந்த சாதா வண்டியில் ஒற்றைக் காலில் நின்று போனேன், அது பரவாயில்லை. தொண்ணூறுகளில் சீசன் டிக்கெட்டோடு கல்லூரிக்குப் போன உடம்பு இது. தாம்பரத்தில் மீட்டர் கேஜ் வண்டிக்கு ஓடியதும், வேர்க்கடலைக்காரர் கால்களுக்கு நடுவே புகுந்து வருவதும் மறக்கிற விஷயமா? இப்போதும் கொய்யாப்பழம் வந்தது, வாங்கினேன்.

கட்டணத்தைக் குறை சொல்லவில்லை. சாதா வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய், ஏசியில் 35, பீச்சிலிருந்து செங்கல்பட்டு வரை 105. தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பாரம்தான், ஆனால் ஜிஎஸ்டி ரோட்டில் ஒற்றை ஆளாகக் கார் ஓட்டுகிறவருக்கு பெட்ரோல் காசில் பாதி கூட வராது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் செய்து, 2025 ஏப்ரலில் விட்ட இந்த வண்டி, காரில் போகிறவரைக் கீழே இறக்கக்கூடிய முதல் வண்டி. அதை நாளைக்குச் சில தடவை மட்டும் ஓட்டி, டிக்கெட்டையும் தனியாகப் பிரித்து வைத்தால், நேரம் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்ப யாருக்குப் பொறுமை? கார் எந்த நிமிஷமும் வாசலில் நிற்கிறதே. சீட், ஏசி எல்லாம் அப்புறம்தான். ஒன்று போனால் அடுத்தது சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும்.

அந்த நம்பிக்கை தாம்பரம் வரைக்கும் இருக்கிறது. பீச் தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல், இன்றைக்கும் யாரும் அங்கே கால அட்டவணை பார்ப்பதில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே கதை வேறு. தென் மாவட்ட எக்ஸ்பிரஸ்களும் இந்தப் பக்கம்தான் வருகின்றன, இருக்கிற மூன்று பாதையில் லோக்கலுக்கு மிஞ்சுவதுதான் கிடைக்கும். வீடு கட்டுவதெல்லாமோ தெற்கேதான். கிளாம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய பஸ் நிலையத்தை 2023 டிசம்பர் கடைசியில் திறந்துவிட்டார்கள், ரயில் தண்டவாளம் எதிரிலேயே போகிறது, நான் போனபோது அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் வேலை முடியவில்லை. திருச்சியிலிருந்து மூட்டையோடு வந்து இறங்குகிறவர் ஊரப்பாக்கமோ வண்டலூரோ போய்த்தான் அப்போது ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேசாமல் மகனைக் காரோடு வரச் சொல்லிவிடுவார்.

கனடாவில் எல்லாம் தேன் ஒழுகுகிறது என்று சொல்ல வரவில்லை. மிசிசாகா வழியாகப் போகும் மில்டன் பாதையில் வேலை நாட்களில் காலை நகருக்குள், மாலை வெளியே, அவ்வளவுதான். மற்ற நேரத்தில் அந்த ஊர்க்காரர்கள் காரில்தான். ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து கோ ரயிலுக்கும் டொராண்டோ பஸ், சப்வேக்கும் இரட்டைக் கட்டணம் இல்லை. ஒரே கார்டு, மாறி ஏறினால் அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும். படியேறி மறுபடி வரிசையில் நில் என்று சொல்லாது.

நான் திரும்பி வந்த பிறகு, செப்டம்பரில், பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் என்று சென்னை ஒன் செயலி வந்தது. உடனே மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். "இறக்கிட்டேன் மச்சான், நல்லாத்தான் இருக்கு. வண்டி எப்ப வரும்?" என்று கேட்கிறார்.