மூன்று மார்கழி, ஒரே ஓரியன்: சிரில் மென்பொருளில் என் எடிட்டிங் அனுபவம்

இரவு வானப் படங்களை எடிட் செய்யும் சிரில் மென்பொருளின் 1.2 பதிப்பு 2023-இல் வந்த கையோடு இறக்கிக்கொண்டேன். இலவச மென்பொருள், ஓப்பன் சோர்ஸ். அதற்கு முன்பெல்லாம் ஸ்டாக் செய்த (பல படங்களை ஒன்றாக அடுக்கிச் சேர்த்த) படத்தை நேராக ஒரு போட்டோ எடிட்டரில் போட்டு, ஷார்ப்பன் ஸ்லைடரை இழுப்பதுதான் என் வேலை. ஓரியன் விண்மீன் கூட்டம் தெரியும் மூன்று சீசன் முடிந்த பிறகு, ஜவ்வாது மலையில் எடுத்த பழைய ரா ஃபைல்களை (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்புகளை) மறுபடி எடிட் செய்து பார்த்தேன். வேறு யாரோ எடுத்த படம் போல இருக்கிறது. கேமராவும் 300 எம்எம் லென்ஸும் அதேதான். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசைதான் மாறியது.

முதலில் ஒன்று. சிக்னல், அதாவது வானிலிருந்து வந்த உண்மையான ஒளி, இல்லாத இடத்தில் ஷார்ப்பன் செய்தால் நாய்ஸ் என்ற புள்ளிக் குறைபாடுதான் கூர்மையாகும். படங்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால்தான் சிக்னலுக்கும் நாய்ஸுக்குமான விகிதம் இரண்டு மடங்காகும். அதனால் ஓரியனில் உள்ள வாயு-தூசு மேகமான ஓரியன் நெபுலாவுக்கு இப்போது 60 வினாடி வீதம் 120 படம் எடுக்கிறேன். நடுப்பகுதி வெளுத்துப் போகும் என்பதால் 5 வினாடிப் படங்கள் கொஞ்சம் தனியாக.

எடிட்டிங்கில் முதல் வேலை பின்னணி வெளிச்சத்தை நீக்குவது. மலை மேல் இருந்தாலும் கீழே உள்ள ஊர்களின் வெளிச்சம் ஒரு மூலையில் ஏறியிருக்கும். ஓரியனைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மங்கலான தூசுதான், சுத்தமான கறுப்பு என்று ஒரு இடமே இல்லை. பின்னணி அளவைச் சிரிலுக்குக் காட்டும் மாதிரிச் சதுரங்களை அங்கெல்லாம் தூவினால் தூசும் சேர்ந்து துடைத்துக்கொண்டு போய்விடும். டிகிரி 1 (ஒரே சீரான சரிவு) மட்டும் வைத்து, நெபுலாவுக்குத் தள்ளி நாலைந்து சதுரம் போட்டால் போதும்.

அடுத்து டீகான்வல்யூஷன், அதாவது மங்கலைத் திருப்பிச் சரிசெய்வது. நுணுக்கம் பெரும்பாலும் கிடைப்பது இங்கேதான். ஸ்ட்ரெட்ச் (மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்குவது) செய்வதற்கு முன்னால், படம் இன்னும் லீனியராக, அதாவது சென்சார் பதிவுசெய்த ஒளி விகிதத்திலேயே, இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் படத்திலிருந்தே சிரில் அளந்துகொள்கிறது. அந்தப் பரவலைத் திருப்பிக் கழிக்க முயல்கிறது ரிச்சர்ட்சன்–லூசி முறை. எனக்கு 10 சுற்று சரியாக வருகிறது. முதல் வருடம் ஆசையில் 40 வரை போனேன். நட்சத்திரம் ஒவ்வொன்றையும் சுற்றிக் கருவளையம் விழுந்துவிட்டது. கணினியில் சின்னதாகப் பார்த்தபோது கண்ணில் படவில்லை. பிரிண்ட் போட்டபோதுதான் தெரிந்தது. இப்போது 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை.

ஸ்ட்ரெட்சுக்குச் சிரிலில் உள்ள ஜிஎச்எஸ் என்ற கருவி. ஒரே இழுப்பில் முடிக்காமல், ஒவ்வொரு முறையும் வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து மூன்று நான்கு சின்ன இழுப்புகளாகச் செய்கிறேன். பிரகாசமான பகுதியைக் காக்க அதில் தனி ஸ்லைடரே இருக்கிறது. அதைக் கொஞ்சம் குறைத்து வைத்ததும், நெபுலாவின் நடுவே மீன் வாய் என்று சொல்லப்படும் இருண்ட பிளவு முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. அன்று இரவு அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஸ்டார்நெட் என்ற துணை மென்பொருள் மூலம் நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்து, நெபுலாவை மட்டும் கிம்ப் என்ற இலவச போட்டோ எடிட்டரில் திறக்கிறேன். அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் முறையை லூமினன்ஸ் (வெளிச்ச) லேயரில் மட்டும், அதுவும் பிரகாசமான இடங்களில் மட்டும் விழும்படி மாஸ்க் வைத்துப் போடுகிறேன். இதன் வேர் ஃபிலிம் காலத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வானியல் புகைப்படக்காரர் டேவிட் மேலின் படம் பதிந்த கண்ணாடித் தட்டுகளிலிருந்து மங்கலான நகல் எடுத்து, அதை மூலத்தோடு சேர்த்து வைத்துப் பிரதி எடுத்துத்தான் நெபுலாக்களின் நுணுக்கத்தை வெளியே கொண்டுவந்தார். நிற லேயரை இதற்கு நேர்மாறாக, லேசாக மங்கலாக்கிவிடுகிறேன். நிறத்தில் உள்ள நுண்விவரத்தை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நிறப்புள்ளி நாய்ஸ் போய்விடுகிறது, கூர்மை குறைவதில்லை.

நிறத்தில்தான் நான் ரொம்ப நாள் தப்பு செய்தேன். கேமரா சென்சாரில் பச்சைப் பிக்சல்கள் இரண்டு மடங்கு. அந்தப் பச்சை வாடையை எடுக்க ஒரு கருவி உண்டு, எல்லாப் படத்துக்கும் முழு அளவில் போட்டுவந்தேன். ஆனால் ஓரியன் நெபுலாவின் நடுவில் இருப்பது உண்மையான பசுமை. 500.7 நானோமீட்டரில் ஆக்சிஜன் விடும் ஒளி அது. அதையும் சேர்த்து அழித்து நெபுலாவை முழுக்க ரோஸாக்கி வைத்திருந்தேன். இப்போது படத்தின் நிறங்களை நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் போட்டோமெட்ரிக் கேலிபரேஷன்தான் முதலில், பச்சை நீக்கம் தேவைப்பட்டால் கால் அளவு. 50 எம்எம்மில் முழு ஓரியனையும் எடுக்கும்போது இன்னொரு சோதனை: திருவாதிரை ஆரஞ்சாகவும் ரைஜல் நீலம் கலந்த வெள்ளையாகவும் இருக்கிறதா? இரண்டும் வெள்ளையாக இருந்தால் எங்கோ அளவுக்கு மீறி வெளுக்க வைத்துவிட்டோம் என்று அர்த்தம், திரும்பப் போக வேண்டும்.

குறைகளும் உண்டு. ஸ்டார்நெட்டைத் தனியாக இறக்கி, அது இருக்கும் இடத்தைச் சிரிலுக்குக் காட்ட வேண்டும். புதிதாக வருபவர்கள் அங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். 24 மெகாபிக்சல் கலர் படம் 32 பிட்டில் 288 எம்பி. 120 படத்தைச் சீராக்கி ஒழுங்குபடுத்தினால், ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகுப்பாக, இடைக்கோப்புகளே 70 ஜிபி-யை நெருங்கும். எட்டு ஜிபி ராம் உள்ள என் பழைய லேப்டாப்பில் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போவேன். வேலை முடிந்ததும் அந்தக் கோப்புகளை அழித்தாலும், ரா ஃபைல்களை மட்டும் தொடுவதில்லை. அடுத்த மார்கழியில் அதே ஃபைல்களோடு புதிய படங்களையும் சேர்த்து 4 மணி நேரமாக்கி, ஓரியன் நெபுலாவுக்குப் பக்கத்தில் உள்ள ரன்னிங் மேன் நெபுலாவின் நீலத்தை இன்னும் கொஞ்சம் வெளியே கொண்டுவர வேண்டும்.