கேட் பாஸுக்கு விண்ணப்பம் போட கல்மண்டபத்தில் ஒரு நல்ல கடை

சென்னைத் துறைமுகத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறேன். போலீஸ் வெரிஃபிகேஷன் சான்றிதழ் வந்தால்தான் எங்கள் பையன்களுக்கு கேட் பாஸ். பாஸ் இல்லாமல் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் காவலுக்கு நிற்கும் சிஐஎஸ்எஃப்காரர் உள்ளே விடமாட்டார். அந்தச் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தரும் கடைகள் ராயபுரம், தண்டையார்பேட்டை முழுக்க இருக்கின்றன. நான் எல்லோரையும் கல்மண்டபம் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஒரு அக்கா நடத்தும் சின்னக் கடைக்குத்தான் அனுப்புகிறேன்.

வழக்கு உண்டா என்று கேட்கும் கட்டம் வந்ததும் அக்கா கையை நிறுத்திவிடுவார். "தம்பி, கேஸு எதுனா இருந்தா இப்பவே சொல்லு. நான் போலீஸ் இல்ல" என்பார். மற்ற கடைகளில் கேட்காமலே "இல்லை" என்று தட்டிவிடுகிறார்கள். காசிமேட்டுப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. திருவிழாத் தகராறில் பத்தொன்பது வயதில் போட்ட வழக்கு, பின்னால் விடுதலையும் ஆகிவிட்டது. ஆனால் படிவத்தில் "இல்லை" என்று இருந்ததால், வழக்கை மறைத்தவன் என்று சொல்லி வேலை தரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சட்டமும் அக்கா சொல்வது போலத்தான் இருக்கிறது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கைது, தண்டனை, விடுதலை, நிலுவை வழக்கு எதைக் கேட்டாலும் உண்மையை எழுத வேண்டும். உண்மையைச் சொன்னாலும் வேலை தருவதா இல்லையா என்பது முதலாளி முடிவு. ஆனால் இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன விஷயமாக இருந்தால், மறைத்ததைக்கூட மன்னிக்கலாம். பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்தால் போடும் சின்ன வழக்கை எங்கள் பக்கத்தில் "75 கேஸ்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். அதையும் எழுதிவிடு என்கிறார் அக்கா. வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்றே தெரியாதவர்களுக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிக் காட்டுகிறார். விடுதலை ஆகியிருந்தால் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் தீர்ப்பு நகலுக்கு மனு போடச் சொல்லி, வந்த நகலையும் விண்ணப்பத்தோடு சேர்க்கிறார். படிவத்துக்கு 100 ரூபாய்தான் வாங்குகிறார். இதற்கெல்லாம் தனியாகக் கேட்பதில்லை.

கடன் விஷயத்திலும் கெட்டிக்காரர். கேட் பாஸுக்கு யாரும் கடனைப் பார்ப்பதில்லை, பேங்க் வேலைக்குப் பார்க்கிறார்கள். கடன் பாக்கி வைத்த ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் பேங்க் ரத்து செய்தது சரிதான் என்று 2025-ல் நம்ம சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் பேங்க் பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் வந்தால் முதலில் அவர்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்க வைக்கிறார். வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். மீட்டர் வட்டிக்கு வாங்கியது அதில் வராது. அம்மாவோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட குழுக் கடன், தவணை நின்றுபோன பைக் லோன் எல்லாம் வரும். பாதிப் பணம் கட்டி பேசி முடித்த கடன் "செட்டில்டு" என்றுதான் நிற்கும், "க்ளோஸ்டு" ஆகாது. மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கு என்று அக்கா வரும் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்கிறார்.

குறை என்றால், இடம் ரொம்பச் சின்னது. உட்கார ஒரே பெஞ்ச். அடுத்தவர் காதில் விழும்படி வழக்கைச் சொல்ல வேண்டியிருப்பது சின்னப் பையன்களுக்குக் கஷ்டம். ஒரு தடுப்பு வைக்கச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். பிரிண்டும் சில நாள் மங்கலாக வரும்.

காலையில் கூட்டம் அதிகம், மதியம் போங்கள். ஆதார், போட்டோ, கோர்ட் பேப்பர் இருந்தால் அதுவும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு நடந்த ஸ்டேஷன் பெயரும் வருஷமும் ஞாபகம் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.