முப்பதைத் தாண்டி நர்ஸாக: ஏ.டி.என்., ஏ.பி.எஸ்.என்., எம்.எஸ்.என். – அமெரிக்காவில் எந்த வழி?

ஊரில் பி.இ.யோ பி.காமோ முடித்து, அமெரிக்கா வந்து சில வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு, நர்ஸாகலாம் என்று நினைப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கம்யூனிட்டி காலேஜ் எனும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் சுமார் இரண்டு வருட அசோசியேட் பட்டமான ஏ.டி.என்.; ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கான 12 முதல் 18 மாத விரைவு இளங்கலையான ஏ.பி.எஸ்.என்.; நர்ஸிங் முதுகலையாகவே முடியும் நுழைவுநிலை எம்.எஸ்.என். எதில் போனாலும் எழுதப்போவது அதே என்க்ளெக்ஸ்-ஆர்.என். உரிமத் தேர்வு, கிடைப்பது அதே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம். கல்லூரி விளம்பரங்கள் இதை உரக்கச் சொல்வதில்லை.

பன்னிரண்டு மாதம் என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்பவும் வேண்டாம். சேர்வதற்கு முன்பே உடற்கூறியல்-உடலியங்கியல் இரண்டு செமஸ்டர், நுண்ணுயிரியல், புள்ளியியல், உளவியல் என்று ஒரு வரிசை முடித்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு மேல் பழையதானால் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. ஊர் மதிப்பெண் பட்டியலை வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் வெஸ் (WES) போன்ற அமைப்பிடம் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்க வேண்டும். பிறகு டீஸ் (TEAS) அல்லது ஹெசி (HESI) நுழைவுத் தேர்வு. இதற்கே சுலபமாக ஒரு வருடம் ஓடிவிடும். அந்தப் பாடங்களையாவது கம்யூனிட்டி காலேஜில் படியுங்கள். தனியார் கல்லூரியில் அதற்குக் கொட்டிக் கொடுப்பது வீண்.

ஏ.பி.எஸ்.என். வேகமானதுதான். அந்த வேகத்தின் விலை கட்டணத்தோடு நிற்பதில்லை. தனியார் கல்லூரிகளில் ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டுவது சகஜம். இரண்டாவது இளங்கலை என்பதால் மத்திய அரசின் பெல் உதவித்தொகை கிடையாது. எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருந்தால் அரசுக் கடனும் இல்லை. படிக்கும்போது வேலைக்குப் போகாதீர்கள் என்று கல்லூரிகளே சொல்கின்றன. ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறும் கிளினிக்கல் நாட்களில் விடியுமுன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப யார் இருக்கிறார்கள்? விசிட்டர் விசாவில் வரும் மாமியாருக்குப் பொதுவாக ஆறு மாதம்தான், படிப்போ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. சேமிப்பும், துணைவரின் நிலையான சம்பளமும், வீட்டில் இன்னொரு ஜோடிக் கையும் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

மற்றவர்களுக்கு நான் ஏ.டி.என்.னைத்தான் சொல்வேன். "ஏற்கெனவே டிகிரி இருக்கு, மறுபடி அசோசியேட்டா?" என்று முகம் சுளிப்பார்கள். கௌரவம் பார்க்கிற இடமில்லை இது. மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான கட்டணம் தனியாரோடு ஒப்பிட மிகக் குறைவு. சிக்கல் இடம் கிடைப்பதில்தான்: பல கல்லூரிகளில் காத்திருப்போர் பட்டியல் உண்டு, கலிஃபோர்னியாவில் சில இடங்களில் குலுக்கலே உண்டு. நர்ஸிங் தரத்துக்காக ‘மாக்னெட்’ அங்கீகாரம் பெற்ற பெருநகர ஆஸ்பத்திரிகள், நர்ஸிங் இளங்கலையான பி.எஸ்.என். உள்ளவர்களையே விரும்புகின்றன. நியூயார்க்கின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய நர்ஸ்கள் பத்து வருடத்துக்குள் அந்தப் பட்டம் பெற்றாக வேண்டும். ஆனால் ஆர்.என். ஆன பிறகு சம்பளம் வாங்கிக்கொண்டே ஆன்லைனில் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். என்ற படிப்பை முடித்து அந்தப் பட்டத்தை வாங்கலாம், பல ஆஸ்பத்திரிகள் அந்தச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன.

எம்.எஸ்.என். பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதுகலை என்றதும் நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நுழைவுநிலை எம்.எஸ்.என். பெரும்பாலும் அதற்கான தகுதியைத் தராது. நீங்களும் அதே வார்டில் புது நர்ஸாகத்தான் தொடங்குவீர்கள். முதுகலைப் படிப்புக்கான கிராட் பிளஸ் அரசுக் கடனும் 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு இல்லை. பின்னாளில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் யோசிக்கலாம்.

எதுவானாலும் நர்ஸிங் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் ஏ.சி.இ.என். அல்லது சி.சி.என்.இ.யின் அங்கீகாரத்தையும், மாநில நர்ஸிங் வாரியம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஃபுளோரிடாவில் மூன்று கல்லூரிகளின் பெயரில் சுமார் 7,600 போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. கிளினிக்கலே தேவையில்லை என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. படிக்கத் தடையில்லை, வேலைக்கு ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி வேண்டும். சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி கிடைப்பது அரிது. ஈ.ஏ.டி. எப்போது வரும் என்று தெரியாதவர்கள் அறிவியல் பாடங்களை அவசரப்பட்டு முடித்துவைக்க வேண்டாம். பாடங்கள் பழையதாகிவிடும் அந்த ஐந்து, ஏழு வருடக் கெடு அவர்களுக்கும் ஓடும்.